அடையாவிட்டால் – கடிதம்

கர்த்தருக்குள் அன்பான சகோதரருக்கு,

ஸ்தோத்திரம். எங்கள் ஜெபக்குழுவில் பன்னிரண்டு பேர் இருக்கிறோம். சில மாதங்களாக வேதபாடம் வாக்குவாதமாகத்தான் முடிகிறது. மூத்த சகோதரர் ஒருவர், இரட்சிக்கப்பட்டவர் ஒருபோதும் கெட்டுப்போகமாட்டார் என்று யோவான் 10:28ஐக் காட்டுகிறார். இன்னொருவர் எபிரெயர் 6ஐக் காட்டி, விழுந்துபோகலாம் என்கிறார். அந்நியபாஷை (ஆவியால் ஏவப்பட்டுப் பேசும், தான் கற்காத பாஷை) பேசாதவர் பரிசுத்த ஆவியைப் பெறவே இல்லை என்கிறார் மூன்றாமவர். போன மாதம் வந்த ஊழியர் ஒருவர், தசமபாகம் (வரவில் பத்தில் ஒரு பங்கு) கொடுக்காத வீட்டில் சாபம் தங்கும் என்று மல்கியாவிலிருந்து பேசினார். நான் ஒரு கேள்வி கேட்டேன். “அபிஷேகம்பண்ணப்பட்டவர்களைத் தொடாதே” என்று வசனம் சொல்லி முடித்துவிட்டார். எல்லாரும் வசனம்தான் காட்டுகிறார்கள். எதை வைத்து நிதானிப்பது? ஒரு பெண்ணாக நான் இதையெல்லாம் கேட்கலாமா என்ற தயக்கமும் இருக்கிறது.

எஸ்.

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த ஊழியர் கடைசியாகச் சொன்ன வசனத்திலிருந்து தொடங்குகிறேன். அவர் சொன்ன பொருளில் அது நிற்குமானால் மற்ற எதையும் நீங்கள் கேட்கவே முடியாது. சங்கீதம் 105:15 அது. 9ஆம் வசனத்திலிருந்து வாசித்தால் ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு ஆகிய மூவரைப் பற்றிய பேச்சு என்பது தெரியும். கொஞ்சப் பேராக, பரதேசிகளாக, ஒரு ராஜ்யத்தை விட்டு இன்னொரு ராஜ்யத்துக்கு அலைந்தவர்கள். அவர்களுக்குத் தீங்கு செய்யாதபடி தேவன் ராஜாக்களைக் கடிந்துகொண்டார். ஆதியாகமம் 20இல் அபிமெலேக்கு இரவில் கண்ட சொப்பனம்தான் இதற்கு நேரான உதாரணம். உபதேசத்தை ஆராய்வதைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் கிடையாது. அபிஷேகம்பண்ணப்பட்டவன் என்பதற்காகச் சவுல் ராஜாவின்மேல் கைபோட மறுத்த தாவீதே, கெபியை விட்டு வெளியே வந்து, அவன் செய்வது அநியாயம் என்று எல்லார் முன்னாலும் சத்தமாகச் சொன்னான் (1 சாமுவேல் 24). பேதுருவைப் பவுல் முகமுகமாய் எதிர்த்தார் (கலாத்தியர் 2:11). போதாததற்கு, 1 யோவான் 2:20 எல்லா விசுவாசிகளையும் அபிஷேகம் பெற்றவர்கள் என்கிறது. அந்தக் கணக்கில் உங்களையும் யாரும் தொடக்கூடாது.

நிதானிப்பது அனுமதி வாங்கிச் செய்யவேண்டிய காரியமல்ல, கட்டளை. தீர்க்கதரிசிகள் இரண்டு மூன்று பேர் பேசட்டும், “மற்றவர்கள் நிதானிக்கக்கடவர்கள்” என்கிறது 1 கொரிந்தியர் 14:29. இன்று நிதானம் என்றால் அவசரப்படாமை என்று மட்டும் புரிந்துகொள்கிறோம். நம் பழைய மொழிபெயர்ப்பில் அந்தச் சொல்லுக்குப் பகுத்தறிந்து தீர்மானிப்பது என்று பொருள். இரண்டு பொருளும் சேர்ந்தே இருப்பது நல்லதுதான்.

சரி, எதை வைத்து? உங்கள் கடிதத்தில் உள்ள கேள்விகளுக்கெல்லாம் ஒரே எடை கிடையாது. பெரும்பாலான குழுக்கள் உடைவது இதைப் பார்க்காததால்தான். பவுலையே பாருங்கள். ரோமர் 14இல் நாட்களைக் குறித்தும் போஜனத்தைக் குறித்தும் விசுவாசிகள் இரண்டுபட்டு நிற்கும்போது, “அவனவன் தன்தன் மனதில் முழு நிச்சயத்தை உடையவனாயிருக்கக்கடவன்” என்று விட்டுவிடுகிறார். கலாத்தியர் 1இலோ, வானத்திலிருந்து வந்த தூதனாக இருந்தாலும் வேறொரு சுவிசேஷத்தைப் பிரசங்கித்தால் சபிக்கப்பட்டவனாயிருக்கட்டும் என்கிறார். அதே பவுல் தீமோத்தேயுவுக்கு விருத்தசேதனம் பண்ணினார் (அப்போஸ்தலர் 16:3), தீத்துவுக்குப் பண்ண ஒரு நாழிகையும் இணங்கவில்லை (கலாத்தியர் 2:3-5). சடங்கு ஒன்றுதான். தீமோத்தேயு விஷயத்தில் யூதர்களிடையே ஊழியத்துக்கு இடைஞ்சல் வரக்கூடாது என்பது மட்டுமே காரணம். தீத்து விஷயத்தில் அது இரட்சிப்பின் நிபந்தனையாகிவிட்டது.

அப்போஸ்தலர் 15:1இல் அந்த நிபந்தனை எப்படி வருகிறது என்று பாருங்கள். “விருத்தசேதனமடையாவிட்டால், இரட்சிக்கப்படமாட்டீர்கள்.” அந்த ‘ஆவிட்டால்’தான் எருசலேமில் அப்போஸ்தலரையும் மூப்பரையும் கூடவைத்தது. அதைச் சொன்னவர்களுக்கும் காட்ட வசனம் இல்லாமலில்லை. விருத்தசேதனமில்லாதவன் ஜனத்தில் இராதபடி அறுப்புண்டுபோவான் என்று ஆதியாகமம் 17:14 சொல்கிறது. அப்படியிருந்தும் அந்த உபதேசம் நிற்கவில்லை. விருத்தசேதனமில்லாத கொர்நேலியுவின் வீட்டாருக்குத் தேவன் பரிசுத்த ஆவியைத் தந்ததைப் பேதுரு சொன்னார். புறஜாதிகளிடையே நடந்ததைப் பர்னபாவும் பவுலும் சொன்னார்கள். அதோடு முடித்துக்கொள்ளாமல் யாக்கோபு எல்லாவற்றையும் ஆமோஸ் 9இல் எழுதியிருப்பதோடு ஒத்துப்பார்த்தார். அதற்கு முன் மிகுந்த தர்க்கம் உண்டானது என்றும் 7ஆம் வசனம் ஒளிக்காமல் சொல்கிறது. ஆகவே, உங்கள் குழுவில் வாக்குவாதம் வந்ததே ஆவியில்லாத நிலை என்று யாராவது சொன்னால் கவலைப்படாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. வேதமே வைத்த ‘ஆவிட்டால்’களும் உண்டு. “மறுபடியும் பிறவாவிட்டால்” என்று சொன்னவர் இயேசுவே. எல்லா நிபந்தனையும் மனிதர் கட்டியது என்று தள்ளிவிடக்கூடாது. ஒரு உபதேசத்தைக் கேட்டதும், பேசியவர் வாயிலிருந்து வந்தபடியே ஒரே வாக்கியமாக எழுதிவையுங்கள். அதில் ‘ஆவிட்டால்’ எங்கே வருகிறது, காட்டிய வசனத்தில் அது இருக்கிறதா, நடுவில் யாராவது சேர்த்தார்களா என்று பாருங்கள். முழு வாக்கியத்துக்கும் வசனம் இருக்கவேண்டும். பாதிக்கு மட்டும் வசனம் இருந்து மீதி பேச்சின் வேகத்தில் சேர்ந்துவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது.

தசமபாகத்தில் இதைச் செய்துபார்ப்போம். எழுதவேண்டிய வாக்கியம்: “விசுவாசி தசமபாகம் கொடுக்காவிட்டால் அவன் வீட்டில் சாபம் தங்கும்.” மல்கியா நான்கே அதிகாரம், 55 வசனம். மெதுவாக வாசித்தாலும் இருபது நிமிஷத்துக்கு மேல் ஆகாது. 3:6இல் “யாக்கோபின் புத்திரர்” என்று கேட்பவர்கள் யார் என்பது வருகிறது. 3:9இல் சாபம் வருகிறது, அது ஜனம் முழுவதற்கும். எந்தச் சாபம் என்பதற்கு உபாகமம் 28ஐத் திறக்கவேண்டும். நியாயப்பிரமாணத்துக்குக் கீழ்ப்படியாத இஸ்ரவேலின் வயலுக்கும் மந்தைக்கும் வரும் என்று உடன்படிக்கையிலேயே எழுதியிருந்த சாபம் அது. 3:11இல் தேவன் கண்டிப்பதாகச் சொல்லும் “பட்சித்துப்போடுகிறவைகள்” நிலத்தின் பலனையும் திராட்சக்கொடியையும் அழிப்பவை, அதாவது பயிரைத் தின்னும் பூச்சி. அதை வீட்டுக்குள் புகுந்து சம்பளத்தைத் தின்னும் ஒரு ஆவியாக்கிப் பிரசங்கிப்பவர்கள் அடுத்த வரியிலிருக்கும் திராட்சக்கொடியை வாசிப்பதில்லை. தசமபாகத்தைக் கொண்டுவரும்படி 3:10 சொல்லும் ஆலயப் பண்டசாலை ஏன் காலியானது, காலியானால் என்ன ஆகும் என்பது நெகேமியா 13:10-12இல் இருக்கிறது. பங்கு வராததால் லேவியரும் பாடகரும் ஆலயப்பணியை விட்டுத் தங்கள் வயல்களுக்கு ஓடிப்போனார்கள்.

இனி தசமபாகம் வரும் மற்ற இடங்களையும் சேர்த்து வாசியுங்கள். லேவியராகமம் 27, எண்ணாகமம் 18, உபாகமம் 14. உபாகமத்தில் பலரும் எதிர்பார்க்காதது ஒன்று இருக்கிறது: அந்தத் தசமபாகத்தைக் கொடுப்பவனும் அவன் குடும்பமும் கர்த்தருடைய சந்நிதியில் சாப்பிட்டுச் சந்தோஷப்படவேண்டும். மூன்றாம் வருஷத்தில் அது லேவியனுக்கும் பரதேசிக்கும் திக்கற்றவனுக்கும் விதவைக்கும் போகும். புதிய ஏற்பாட்டில் இயேசு பரிசேயரிடம் அதைப்பற்றிப் பேசுகிறார் (மத்தேயு 23:23). எபிரெயர் 7 பேசுகிறது, ஆனால் அங்கே நிரூபிக்கப்படுவது ஆபிரகாமிடம் தசமபாகம் வாங்கிய ஆசாரியன் மெல்கிசேதேக்கின் மேன்மை. எருசலேம் ஏழைகளுக்காகப் பணம் சேர்க்கும்போது பவுல் 2 கொரிந்தியரில் இரண்டு முழு அதிகாரம் எழுதுகிறார். தசமபாகம் என்ற சொல்லை எடுத்திருந்தால் வேலை ஒரே வரியில் முடிந்திருக்கும். அவர் எடுக்கவில்லை. “விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல” என்றுதான் 9:7இல் எழுதினார்.

நியாயப்பிரமாணத்துக்கு முன்பே ஆபிரகாம் கொடுத்தான், ஆகவே அது இன்றைக்கும் பொருந்தும் என்று எண்ணும் நல்ல விசுவாசிகள் உண்டு. அவன் கொடுத்தது யுத்தத்தில் மீட்ட பொருளில் ஒருமுறை என்பதால் எனக்கு அது போதுமான ஆதாரமாகப் படவில்லை. ஆனாலும் அது ரோமர் 14 எடையுள்ள வித்தியாசம், அவர்களோடு ஒரே அப்பத்தில் பங்குபெறத் தடையில்லை. ஊழியரைத் தாங்கவேண்டிய கடமையும் கலாத்தியர் 6:6இல் தெளிவாகவே இருக்கிறது. சாபம் என்று சொல்லும்போது எடை மாறுகிறது. கிறிஸ்து நமக்காகச் சாபமாகி நம்மை மீட்டுக்கொண்டார் என்ற கலாத்தியர் 3:13இன்மேல் அந்த வாக்கியம் கைவைக்கிறது.

அந்நியபாஷை சகோதரரின் வாக்கியத்தில் ‘பெறவே இல்லை’ என்பதைக் கோடிடுங்கள். “கிறிஸ்துவின் ஆவியில்லாதவன் அவருடையவனல்ல” என்கிறது ரோமர் 8:9. அப்படியானால் அந்நியபாஷை பேசாத அத்தனை பேரும் கிறிஸ்துவுக்குரியவர்களல்ல என்று அவர் சொல்லியாகிவிட்டது. பெந்தெகொஸ்தே சபைகளின் வழக்கமான உபதேசம்கூட அவ்வளவு தூரம் போவதில்லை. இரட்சிப்புக்குப் பின் வரும் ஆவியின் அபிஷேகத்துக்கு அந்நியபாஷை அடையாளம் என்பதுதான் அவர்கள் சொல்வது. அவரிடம் இதைக் கேட்டால், தாம் சொல்லவந்தது அந்த இரண்டாவதுதான் என்று அவரே திருத்திக்கொள்ளக்கூடும். பாதிச் சண்டைகள் இப்படியே தீரும். திருத்தினபிறகு 1 கொரிந்தியர் 12:30ஐயும் (“எல்லாரும் அந்நியபாஷைகளைப் பேசுகிறார்களா?”) அதைத் தடைபண்ணாதிருங்கள் என்ற 14:39ஐயும் ஒன்றாக வாசியுங்கள். ஒன்றை மட்டும் வாசிப்பதில் இரண்டு தரப்புமே கெட்டி.

இரட்சிப்பை இழக்கலாமா என்பதற்குச் சின்ன உபாயம் ஒன்று சொல்கிறேன். வசனங்களை மாற்றிக் கொடுங்கள். யோவான் 10 சகோதரர் எபிரெயர் 6ஐ விளக்கட்டும், எபிரெயர் 6 சகோதரர் யோவான் 10ஐ விளக்கட்டும். ஆளுக்குப் பத்து நிமிஷம், சொந்த வசனத்துக்கு ஓடக்கூடாது. மற்றவர் விளக்கும்போது முதலாமவர் யோவான் 10:27ஐச் சந்திக்கவேண்டியிருக்கும், கெட்டுப்போகாத அந்த ஆடுகள் அவருக்குப் பின்செல்லுகிற ஆடுகள். அதேபோல் இரண்டாமவர் எபிரெயர் 6:9ஐச் சந்திக்கவேண்டியிருக்கும், அவ்வளவு கடுமையாக எச்சரித்தவர் உடனே “இரட்சிப்புக்குரியவைகளுமான காரியங்கள் உங்களிடத்தில் உண்டாயிருக்கிறதென்று நம்பியிருக்கிறோம்” என்கிறார். என் சாய்வு யோவான் 10 பக்கம். ஆனால் துணிந்து பாவத்தில் ஜீவிப்பவனிடம் இரண்டு பேருமே மனந்திரும்பு என்றுதான் சொல்வார்கள். ஒருவர் அவன் முதலிலேயே நம்முடையவனாயிருக்கவில்லை என்பார், மற்றவர் விழுந்துபோனான் என்பார்.

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் பிரசங்கிகளான ஜான் வெஸ்லியும் ஜார்ஜ் விட்ஃபீல்டும் முன்குறிப்பை, அதாவது இரட்சிக்கப்படுபவர்களைத் தேவன் முன்னமே தெரிந்துகொண்டார் என்ற உபதேசத்தைப் பற்றிப் பகிரங்கமாகவே மோதினார்கள். வெஸ்லி 1739இல் அதை எதிர்த்துப் பிரசங்கித்தார், விட்ஃபீல்டின் மறுப்புக் கடிதம் 1741இல் அச்சில் வந்தது. ஒருவரும் தம் கருத்தை விடவில்லை. 1770இல் விட்ஃபீல்ட் இறந்தபோது லண்டனில் நினைவுப் பிரசங்கம் செய்தவர் வெஸ்லி. அத்தியாவசியமல்லாத உபதேசங்களில் தேவபிள்ளைகள் வெகுகாலமாகவே மாறுபடுகிறார்கள், அவற்றில் அவரவர் எண்ணத்துக்கு விடலாம் என்று அதில் சொன்னார்.

வசனம் தேடும் செயலிகளைப் பற்றி ஒன்று. ஒரு சொல்லைத் தட்டி வரும் வசனங்களையெல்லாம் கோத்தால் உபதேசம் ஆகிவிடாது. அப்போஸ்தலர் 15:1இல் “இரட்சிக்கப்படமாட்டீர்கள்” என்று வாசிக்கிறோம். 27:31இல், மாலுமிகள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் தப்பிப் பிழைக்கமாட்டீர்கள் என்று நூற்றுக்கு அதிபதியிடம் பவுல் சொல்கிறார். கிரேக்கத்தில் இரண்டு இடத்திலும் ஒரே வினைச்சொல். தமிழில் ‘இரட்சிப்பு’ என்று தேடினால் இரண்டாவது கண்ணில் படாது, கிரேக்கச் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டால் கப்பலில் இருப்பதும் இரட்சிப்புக்கு நிபந்தனையாகிவிடும். வசனத்தின் முன்னும் பின்னும் ஒரு பத்தியாவது வாசிப்பதற்கு மாற்று கிடையாது. கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் இன்றுள்ள வசன எண்களே 1551இல், பாரிஸிலிருந்து ஜெனீவாவுக்குப் போயிருந்த அச்சகத்தார் ராபர்ட் எஸ்தியேன் போட்டவைதான். எண் வந்தபிறகுதான் ஒரு வரியைத் தனியாக வெட்டி எடுப்பது இவ்வளவு சுலபமானது.

அற்புதம் நடந்ததே, அவர் சொன்னது நிறைவேறியதே என்று யாராவது கேட்டால் உபாகமத்தில் இரண்டு இடம் காட்டுங்கள். 18:22இன்படி, சொன்னது நடக்காவிட்டால் அது கர்த்தர் சொல்லாத வார்த்தை. 13:1-3இன்படி, சொன்ன அடையாளம் நடந்தாலும், வேறே தேவர்களைப் பின்பற்ற அழைத்தால் அவனுக்குச் செவிகொடுக்கக்கூடாது. முதலாவதை எல்லாரும் அறிவார்கள்.

உங்கள் தயக்கத்துக்கு வருகிறேன். அப்பொல்லோ வேதாகமங்களில் வல்லவன், பேச்சு வல்லமையும் உள்ளவன். ஆனால் யோவானின் ஸ்நானத்தை மட்டும் அறிந்திருந்தான். பேசியது குறைவாக இருந்தது, அதனால் அவனைக் கள்ளப்போதகன் என்று யாரும் சொல்லவில்லை. ஜெப ஆலயத்தில் எழுந்து மறுக்கவும் இல்லை. ஆக்கில்லாவும் அவன் மனைவி பிரிஸ்கில்லாளும் அவனைச் சேர்த்துக்கொண்டு, தேவனுடைய மார்க்கத்தை “அதிக திட்டமாய்” விவரித்தார்கள் (அப்போஸ்தலர் 18:26). மிகப் பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் அந்த வசனத்தில் பிரிஸ்கில்லாளின் பெயர்தான் முதலில் இருக்கிறது. அந்த ஊழியர் மறுபடி வரும்போது, கூட்டம் முடிந்தபின், குழுவில் ஒருவரைக் கூட அழைத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். எழுதிவைத்த அந்த ஒரே வாக்கியத்தைக் காட்டி, “நீங்கள் சொன்னதை நான் சரியாகத்தான் எழுதியிருக்கிறேனா?” என்று முதலில் கேளுங்கள். மல்கியாவை அதற்குப்பிறகு திறக்கலாம்.