ஆயம்மாவை மாற்றலாமா? (கடிதமும் பதிலும்)

வணக்கம் அக்கா,

பெங்களூரு முருகேஷ்பாளையத்தில் இருக்கிறோம். 26 வார விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிவிட்டேன். மகனுக்கு இப்போது 10 மாதம். பகலில் ஆயம்மா பார்த்துக்கொள்கிறார், நல்லவர். ஆனால் சாயங்காலம் நான் கை நீட்டினால் அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறான். அவர் கிளம்பினால் ஒரே அழுகை. ராத்திரி விழித்தால் மட்டும் நான்தான் வேண்டும், இவர் தூக்கினால் அடங்குவதில்லை. “பெத்தவளை மறந்துடப் போறான், ஆளை மாத்து” என்கிறார் மாமியார். மாற்றிவிடலாமா?

ச.

அன்புள்ள ச.,

மாற்ற வேண்டாம்.

ராத்திரி விஷயத்தைப் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. அரைத்தூக்கத்தில் பயந்து விழிக்கும் பிள்ளை, அப்பா தூக்கியும் அடங்காமல் உங்களைத் தேடுகிறான். மறக்கப் போகிறவன் செய்கிற காரியமா இது?

முதல் சில மாதங்களில் யார் தூக்கினாலும் குழந்தை போகும். ஏழெட்டு மாதத்தில்தான் தன் ஆட்கள் யார் என்று பிரித்துப் பார்க்கத் தொடங்கும். ஆயம்மாவுக்காக அவன் அழுவதும் அந்த வளர்ச்சிதான். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் 60 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து ஷாஃபரும் எமர்சனும் 1964-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகள் ஒருவருக்கு மேல் ஒட்டிக்கொண்டிருந்தன. அதிக நேரம் கூட இருந்தவரிடமோ சோறூட்டியவரிடமோதான் ஒட்டும் என்றில்லை. சிணுங்கினால் திரும்பிப் பார்த்தவர், சிரித்தால் பதிலுக்குச் சிரித்தவர், அவரிடம் ஒட்டின. உங்கள் பிள்ளைக்கு அப்படி இரண்டு பேர் கிடைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் சந்தோஷம்தான்.

வேலைக்குப் போகும் அம்மாக்களைக் குறை சொல்பவர்கள், மனநல மருத்துவர் ஜான் பௌல்பி 1951-இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக எழுதிய அறிக்கையை இழுப்பதுண்டு. தாயோ, தாய்க்கு ஈடாக நிலைத்திருக்கும் ஒருவரோ குழந்தைக்கு வேண்டும் என்றுதான் அதில் இருக்கிறது. ‘நிலைத்திருக்கும்’ என்பதை மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லிப் பாருங்கள். ஒட்டிக்கொண்டுவிட்டான் என்பதற்காக ஆளை அனுப்பினால், தவிக்கப்போவது பிள்ளைதான்.

சாயங்காலம் வந்ததும் பிள்ளையை வாங்கிக்கொள்ள அவசரப்படாதீர்கள். கைகால் கழுவிவிட்டு, ஆயம்மா பக்கத்திலேயே தரையில் உட்காருங்கள். பகலில் என்ன சாப்பிட்டான், எப்போது தூங்கினான் என்று அவரிடம் பேசிக்கொண்டிருங்கள். நீங்கள் இருவரும் இணக்கமாகப் பேசுவதை அவன் பார்க்கட்டும், தானாகத் தவழ்ந்து மடிக்கு வருவான். அந்தக் கால் மணி நேரத்துக்கும் சேர்த்து அவருக்குச் சம்பளம் கொடுங்கள். காலையில் அவன் பார்க்காத நேரமாக நழுவிப் போகாதீர்கள். அழுதாலும் சொல்லிவிட்டே கிளம்புங்கள்.

பின்னால் ஆயம்மாவே ஊருக்குப் போக நேர்ந்தால், புதிதாக வருபவரைச் சில நாள் முன்பே வரவழைத்து, இருவரும் சேர்ந்து பார்த்துக்கொள்ளும்படி ஏற்பாடு செய்யுங்கள்.

அன்புடன்,
அக்கா