காட்டை விற்பதற்கு முன் தறி குடோனுக்குள் ஒருமுறை பாருங்கள்

அன்புள்ள அண்ணா,

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டாவது படிக்கும் உங்கள் பையனை வெளியே உட்காரவைத்துவிட்டு நீங்கள் என்னிடம் சொன்ன குறைகள் மூன்று. இரவு ஒரு மணி வரை கம்ப்யூட்டரை விட்டு எழுவதில்லை. படம் செய்கிறேன், இசை அமைக்கிறேன் என்கிறான். ஜப்பானுக்குப் போக நோட்டுப் போட்டுக் கணக்கு எழுதுகிறான். "எந்தக் கோர்ஸில் போட்டால் இவன் வழிக்கு வருவான்?" என்று கேட்டீர்கள். பிறகு குரலைத் தணித்து, அரை ஏக்கர் விவசாயக் காட்டை விற்றாவது நிர்வாக ஒதுக்கீட்டில் கம்ப்யூட்டர் சயன்ஸ் வாங்கிவிடலாம் என்றீர்கள். நீங்கள் டீ குடிக்கப் போயிருந்த முக்கால் மணி நேரம் அவனோடு பேசினேன். அன்றைக்குச் சொல்லாத பதிலை இப்போது எழுதுகிறேன்.

காட்டை விற்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

உங்கள் மூன்றாவது தறியில் அவன் ஒரு பெட்டி மாட்டியிருக்கிறானே, அது என்னவென்று அவனிடம் கேட்டீர்களா? "தறியைக் கெடுத்து வைத்திருக்கிறான்" என்று மேஸ்திரி சொன்னதோடு விட்டுவிட்டீர்கள். அவன் எனக்குத் தாளில் வரைந்து காட்டினான். குறுக்கு நூலைச் சுமக்கும் நாடா ஒவ்வொரு முறை குறுக்கே ஓடியதும் முன்னும் பின்னும் ஆடும் சட்டத்தில் ஒரு சிறு காந்தம். எதிரே அசையாத இடத்தில், காந்தம் நெருங்கினால் இணையும் ஒரு சுவிட்ச். சில நூறு ரூபாய் விலையுள்ள சர்க்யூட் பலகை அந்த அடிகளை எண்ணுகிறது. உங்கள் காடாத் துணிக்கு அங்குலத்துக்கு 52 பிக், அதாவது 52 குறுக்கு நூல். ஒரு மீட்டருக்கு 39.37 அங்குலம், ஆக 2,047 அடி விழுந்தால் ஒரு மீட்டர். கால்குலேட்டர் இல்லாமலே சொன்னான். தறி நின்றுபோனால் உங்கள் போனுக்குச் செய்தி வர வேண்டும் என்பது அவன் திட்டம். ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டேன். கரண்ட் போனால் எண்ணிக்கை அழிந்துவிடுகிறதாம். அதைச் சரிசெய்வதற்குள் வேறு ஒன்று பிடித்துவிட்டதாம்.

அந்த வேறு ஒன்றையும் இயர்போனைக் கொடுத்துக் கேட்கச் சொன்னான். முதலில் ஏதோ மேளம் என்று நினைத்தேன். உங்கள் தறி குடோன், அண்ணா! நான்கு தறியையும் தனித்தனியாகப் பதிவு செய்து, வேகத்தைச் சற்றுக் குறைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறான். நடுவில் நூல் அறுந்து ஒரு தறி நிற்கும்போது வரும் மௌனத்தை அப்படியே விட்டிருக்கிறான். அதற்குப் பொருத்தமாக, பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் ஒரு நாடா பறவையாக மாறிப் பறப்பதுபோல் அனிமேஷன் தொடங்கியிருக்கிறான். நாற்பது நொடி வரை ஆகியிருக்கிறது. மீதி இல்லை. இப்படிப் பாதியில் நிற்பவை அவன் கம்ப்யூட்டரில் பதினான்கு இருக்கின்றன. நானே எண்ணினேன்.

உங்கள் கவலை அவனுக்கு ஆசை அதிகம் என்பது. எனக்கு அது கவலையில்லை. எதையும் முடிப்பதில்லை என்பதுதான் அவனிடம் நான் கண்ட குறை. கோர்ஸ் மாற்றினால் இது தீராது. காட்டை விற்றுச் சேர்த்தாலும் பதினைந்தாவதாக அதுவும் பாதியில் நிற்கும்.

கோவையின் கண்டுபிடிப்பாளர் ஜி.டி. நாயுடு பள்ளிக்கூடத்தை விட்டவர்தானே என்று என்னிடமே எடுத்துவிட்டான். கோவை வட்டாரத்தில் இருபது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு என்ன படிக்கலாம் என்று வழி சொல்லும் இந்த வேலை செய்கிறேன். இந்தப் பெயரைச் சொல்லிப் படிப்பிலிருந்து தப்பிக்கப் பார்க்காத பையனை நான் பார்த்ததில்லை. ஓட்டலில் வேலை செய்து சேர்த்த பணத்தில் அவர் மோட்டார் சைக்கிள் வாங்கினார், கழற்றினார், திரும்ப மாட்டி ஓட்டினார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டபோது அந்தப் பஸ் பழனி வரைக்கும் போய்ச் சேர்ந்தது, பாதி வழியில் அவருக்கு வேறு யோசனை வரவில்லை என்றேன். சிரித்தான். புரிந்திருக்கும்.

இனி மதிப்பெண். காலாண்டில் கணிதம் 71, இயற்பியல் 68, வேதியியல் 74. பொறியியல் கலந்தாய்வுக்குக் கணிதம் முழுதாக 100, மற்ற இரண்டும் பாதிப்பாதியாக 50. ஆக 71, 34, 37. மொத்தம் 200க்கு 142. நம் பக்கத்து முன்னணிக் கல்லூரிகளில் கம்ப்யூட்டர் சயன்ஸுக்கு இது எட்டாது. ஆனால் கணக்கைக் கவனியுங்கள். இயற்பியலில் இருபது மதிப்பெண் கூட்டினால் கட் ஆஃப் பத்துதான் ஏறும். கணிதத்தில் அதே இருபது முழுதாக இருபது ஏற்றும். அவனோ பிடித்த பாடம் என்று இயற்பியலோடே கிடக்கிறான். மார்ச் வரை காலையில் ஒன்றரை மணி நேரம் கணிதம் மட்டும் போடட்டும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு இவனுக்குக் கிடைக்காது. அதற்கு ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும், அல்லது எட்டாவது வரை கல்வி உரிமைச் சட்ட இலவச இடத்தில் தனியார் பள்ளியில் படித்துவிட்டு அரசுப் பள்ளிக்கு வந்திருக்க வேண்டும். இவன் எட்டாவது வரை கட்டணம் கட்டித் தனியார் மெட்ரிக்கில் படித்தவன்.

கம்ப்யூட்டர் சயன்ஸ்தான் வேண்டும் என்ற பிடிவாதம் உங்களுடையது, அவனுடையது அல்ல. பங்காளி வீட்டுப் பையன் பெங்களூரில் சம்பாதிப்பதைப் பார்த்து வந்தது. காந்தமும் சுவிட்சும் வைத்துத் தறியை எண்ணுகிறவனுக்கு எலக்ட்ரானிக்ஸ், மெக்கட்ரானிக்ஸ், இன்ஸ்ட்ருமென்டேஷன் இன்னும் நெருக்கம். டெக்ஸ்டைல் டெக்னாலஜி என்ற பெயரை எடுத்தேன், "அப்பா தறியில் கிடப்பது போதாதா?" என்றான். அந்தப் பதிலில் கோபத்தைவிடப் பாசம் அதிகமாக இருந்ததாக எனக்குப் பட்டது. வற்புறுத்தாதீர்கள்.

சென்னை ஐஐடியின் ஆன்லைன் பி.எஸ். பட்டப் படிப்பைப் பற்றி உங்கள் ஒரம்பரைகள் யாரோ சொன்னதாகச் சொன்னீர்கள். நல்ல படிப்பு. டேட்டா சயன்ஸ் 2020இல் தொடங்கியது. எலக்ட்ரானிக்ஸும் இப்போது உண்டு. ஐஐடி நுழைவுத் தேர்வான ஜேஇஇ எழுத வேண்டியதில்லை, நான்கு வாரப் பாடம் படித்துத் தகுதித் தேர்வு எழுதினால் சேரலாம். ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்க 2022இல் யுஜிசி அனுமதித்துவிட்டதால் கல்லூரியோடு சேர்த்தும் படிக்கலாம். ஆனால் வாரா வாரம் பாடத்தையும் பயிற்சியையும் முடித்துக்கொண்டே போக வேண்டும். முதல் ஆண்டு எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டு யோசிப்போம்.

படம், இசை என்றதும் "சினிமா நமக்கு எதற்கு?" என்றீர்கள். கோவை சிங்காநல்லூர் சென்ட்ரல் ஸ்டுடியோவில் 1930களிலேயே படம் எடுத்த ஊர் இது, அண்ணா. நமக்கு ஒன்றும் புதிதல்ல. டிசைன் படிப்பில் சேர யூசீட் என்ற தேர்வு இருக்கிறது. ஐஐடி பம்பாய் நடத்துகிறது, எந்தப் பிரிவில் படித்தவரும் எழுதலாம், ஜனவரியில் நடக்கும், அக்டோபரில் விண்ணப்பம். அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் இரண்டு முறைதான் எழுத முடியும். கையால் வரைவதும் அதில் உண்டு. இவன் பென்சிலால் வரைந்து நான் பார்த்தது அந்தத் தறிப் படம் ஒன்றுதான். கோடு சுத்தமாகத்தான் இருந்தது. ஒலிப்பதிவில் ஆசை நிலைத்தால் தரமணியில் அரசின் எம்.ஜி.ஆர். திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது, அங்கே ஒலிக்கென்றே நான்காண்டுப் படிப்பு உண்டு. இரண்டையும் அவனே விசாரித்து, என்ன தகுதி, என்ன செலவு என்று ஒரு பக்கம் எழுதி எனக்கு அனுப்பட்டும். நீங்கள் விசாரிக்க வேண்டாம்.

ஜப்பான் நோட்டுக்கு வருகிறேன். நீங்கள் பைத்தியம் என்று சொன்ன அந்த நோட்டுதான் அவன் செய்தவற்றில் ஏறக்குறைய முடிந்த ஒன்று. விமான டிக்கெட், தங்குமிடம், சாப்பாடு, ரயில் என்று நாளுக்கு நாள் கட்டம் போட்டிருக்கிறான். அவன் பார்க்க விரும்புவது கோயிலோ கோபுரமோ அல்ல. டோக்கியோவில் அகிஹபாரா என்ற இடத்தில், ரயில் பாதைக்கு அடியில், டிரான்சிஸ்டரும் சுவிட்சும் விற்கும் ஆளுயரச் சந்துக் கடைகள். போருக்குப் பிறகு ரேடியோ உதிரிப்பாகம் விற்றவர்கள் வளர்த்த சந்தை அது.

இப்போதே போக முடியாது என்பது அவனுக்கும் தெரியும். ஆனால் தீபாவளி நோம்பி கழிந்ததும் எலக்ட்ரானிக்ஸ் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவுக்குத் தனியாக அனுப்புங்கள். போக வர டிக்கெட் அவனே எடுக்கட்டும். செலவுக் கணக்கை அதே நோட்டில் எழுதட்டும். பரீட்சை முடிந்தபின் பெங்களூரில் அதே மாதிரிக் கடைகள் உள்ள எஸ்.பி. ரோடும் விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்ப அருங்காட்சியகமும். பாஸ்போர்ட்டுக்கும் விண்ணப்பித்துவிடுங்கள், அதற்குப் பெரிய செலவில்லை. பன்னிரண்டாவது முடித்தவர்களுக்கு ஜப்பான் அரசே தரும் மெக்ஸ்ட் உதவித்தொகை இருக்கிறது. கல்விக் கட்டணம், மாதச் செலவு, விமானக் கட்டணம் எல்லாம் அதில் அடங்கும். போட்டி மிகக் கடுமை, அதை நம்பி எதையும் விடக்கூடாது. மொழி மட்டும் பொழுதுபோக்காகத் தொடங்கலாம். ஜப்பானிய மொழித் தேர்வான ஜேஎல்பிடியின் கீழ்நிலையான என்5 சென்னையில் எழுதலாம், ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கிறது.

இரவு பத்தரைக்குக் கம்ப்யூட்டரை அணைக்க அவன் ஒப்புக்கொண்டான். பதிலுக்கு அவனுக்கு ஞாயிறு முழுதும் வேண்டும். நான் உங்களைக் கேட்காமலே சரி என்று சொல்லிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். புதுக் கம்ப்யூட்டர் வாங்கித் தராதீர்கள்.

மேஸ்திரியிடம் சொல்லி அந்தப் பெட்டியைக் கழற்றாமல் வைத்திருங்கள். கரண்ட் போனாலும் எண்ணிக்கை அழியாமல் நிற்கும்படி நோம்பிக்குள் செய்வதாகச் சொல்லியிருக்கிறான். செய்து முடித்தால் ஒரு வாரத்துக்கு மூன்றாவது தறியின் மீட்டர் கணக்கை நீங்கள் உங்கள் வழக்கப்படி எழுதுங்கள், அவன் பெட்டி ஒரு கணக்குச் சொல்லட்டும். இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு நவம்பர் முதல் ஞாயிறு வாருங்கள். இந்த முறை இரண்டு பேரும் உள்ளேயே உட்காரலாம்.