தலைவர்களை எடைபோடுவது எப்படி? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: நல்ல திட்டம் கொண்டுவந்தவரே ஊழல் வழக்கிலும் சிக்கினால் எதை எடுத்துக்கொள்வது?

இரண்டையும். ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழிக்காதீர்கள். ஜெயலலிதா 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கினார். 1994-ல் 69 சதவீத இடஒதுக்கீட்டுக்கு, நீதிமன்றத்தில் சட்டங்கள் எளிதில் அடிபடாமல் காக்கும் அரசியல் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணையின் பாதுகாப்பு கிடைத்தது. அதே 1991-96 ஆட்சிக்காலச் சொத்துக்குவிப்புக்கு 2014-ல் நான்காண்டு சிறை, 100 கோடி ரூபாய் அபராதம். 2015-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் விடுவித்தது. 2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்து அதே வழக்கில் உடன் குற்றம்சாட்டப்பட்ட மற்ற மூவரைச் சிறைக்கு அனுப்பியது. அவர் 2016 டிசம்பரிலேயே இறந்துவிட்டதால் அவர் மீதான மேல்முறையீடு அற்றுப்போனது. “விடுதலை ஆனாரே” என்பவர் 2015-லேயே நின்றுவிடுகிறார். கடைசித் தீர்ப்பின் தேதியைப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் தொகுதி வேட்பாளர் மீது 12 வழக்குகளாம். ஒதுக்கிவிடலாமா?

எண்ணிக்கையை விடுங்கள், பிரிவைப் பாருங்கள். தேர்தல் ஆணையத் தளத்தில் அவருடைய பிரமாணப் பத்திரம் (படிவம் 26) இருக்கும். தடையை மீறிய ஊர்வலம், மறியல் என்றால் பெரும்பாலும் பழைய இ.பி.கோ. 143, 188. கொலை முயற்சி 307, மோசடி 420. 2024 ஜூலை முதல் நடந்த குற்றங்களுக்கு இ.பி.கோ.வுக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய சட்டம்; அதில் எண்கள் வேறு: 188 இப்போது 223, 307 இப்போது 109. அடுத்து, எஃப்.ஐ.ஆரோடு நிற்கிறதா, நீதிமன்றம் குற்றச்சாட்டு வனைந்துவிட்டதா என்ற பத்தியைப் படியுங்கள். பலர் தவறவிடும் இடம் அதுதான்.

கேள்வி: கொள்கையை மாற்றிக்கொண்டவர் எல்லாம் சந்தர்ப்பவாதியா?

இல்லை. இடையில் என்ன மாறியது, காரணத்தை வெளிப்படையாகச் சொன்னாரா என்று கேளுங்கள். 1962 சீனப் போர், பிரிவினை பேசுவோர் தேர்தலில் நிற்க முடியாதபடி செய்த 1963-ன் 16-வது திருத்தம் ஆகியவற்றுக்குப் பிறகு அண்ணா திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்டார். அந்தக் கோரிக்கை எழுந்ததற்கான காரணங்கள் அப்படியே இருக்கின்றன என்பதையும் மறைக்கவில்லை. நெருக்கடியில் எடுத்த முடிவுதான், ஆனால் காரணத்தை வெளிப்படையாக வைத்தார்.

கேள்வி: என் கருத்திலேயே முரண் இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மாநில அரசைக் கலைத்துக் குடியரசுத் தலைவர் ஆட்சியைக் கொண்டுவர வழிசெய்யும் அரசியல் சட்டத்தின் 356-வது பிரிவை வைத்துப் பாருங்கள். 1976, 1991: கலைக்கப்பட்டது தி.மு.க. அரசு. 1980: அ.தி.மு.க. அரசு. மூன்றுக்கும் எதிரே சரி, தவறு என்று எழுதி, கட்சிப் பெயர் வராமல் காரணம் சொல்லுங்கள். “1991-ல் ஆளுநர் பர்னாலா அறிக்கை தராமலே கலைத்தார்கள், அதனால் தவறு” என்றால் அது காரணம். இனி 1980-க்கு வாருங்கள்: எம்.ஜி.ஆருக்குச் சட்டமன்றப் பெரும்பான்மை இருந்தது. மக்களவைத் தேர்தலில் அவர் கட்சி தோற்ற கையோடு மத்திய அரசு அவருடைய ஆட்சியைக் கலைத்தது. அதற்கு எதிரே என்ன எழுதியிருக்கிறீர்கள்?