சிறிய மின்சாரத் தோட்ட டிராக்டர் ஈரப் புல்லில் வழுக்குவது ஏன், அதைச் சரிசெய்வது எப்படி?

பிடிமானம் என்பது டயர் வழுக்காமல் தரையைப் பற்றும் திறன். இயக்கும் சக்கரத்தை அழுத்தும் எடையே அதற்கு அடிப்படை. ஈரமான ஏற்றத்தில் எழுந்து நின்று சைக்கிள் மிதித்தால் பின்சக்கரம் வழுக்கும், இருக்கையில் அமர்ந்து மிதித்தால் பற்றிக்கொள்ளும். ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் 1969இல் அறிமுகப்படுத்திய எலெக்-டிராக் போன்ற டிராக்டர்களில் ஈய-அமில பேட்டரிகளின் பாரமே இதற்குக் கைகொடுத்தது. அவற்றை எடுத்துவிட்டு இலகுவான லித்தியம் பேட்டரி பொருத்துவோர், இழந்த எடையைப் பின்சக்கரங்களில் இரும்பு எடைகளை மாட்டி ஈடுசெய்ய வேண்டும் (பலரும் மறப்பது இதைத்தான்). அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் டயர் காற்றைச் சற்றுக் குறைப்பதும் உதவும். பிரேக் பெரும்பாலும் பின்சக்கரங்களை மட்டுமே நிறுத்துவதால், சரிவில் இறங்கும்போது பாரம் முன்பக்கம் சாய்ந்து, அவை சுழலாமல் நின்றபடியே சறுக்கக்கூடும். பின்பக்க எடை அதையும் தணிக்கும். பெரிய மோட்டார் பொருத்தினால் பிடிமானம் கூடும் என்பது தவறான எண்ணம். வழுக்கும் சக்கரம் இன்னும் வேகமாகச் சுழலும், அவ்வளவே.