சேலத்தில் குத்துச்சண்டைப் பயிற்சியாளராக இருந்து பிழைக்க முடியுமா? அந்த வேலை உண்மையில் எப்படி இருக்கும்?

கேட்டிருப்பவர் பி.பி.எட். முடித்துவிட்டு ஒரு தனியார் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறாராம். அந்த வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் இதில் இறங்கலாமா என்கிறார். பதினோரு ஆண்டுகளாக இதே ஊரில் இதையே செய்துகொண்டிருப்பவன் என்ற உரிமையில் சொல்கிறேன். பிழைக்கலாம். ஆனால் உங்களுக்குச் சோறு போடப் போகிறவர்கள் குத்துச்சண்டை வீரர்கள் இல்லை.

என் வருமானத்தில் முக்கால் பங்கு காலை ஆறு மணி வகுப்பிலிருந்து வருகிறது. அழகாபுரத்தில் ஒரு மொட்டை மாடி, மேலே தகரக் கூரை, குத்திப் பழகத் தொங்கவிட்ட ஐந்து பேக். வருகிறவர்கள் வங்கி ஊழியர்கள், ஒரு பல் மருத்துவர், ஜவுளிக் கடைக்காரர் ஒருவர், சர்க்கரை அளவைப் பார்த்துப் பயந்துபோன நாற்பது வயதுக்காரர்கள், குடும்பத் தலைவிகள். இவர்களில் ஒருவர்கூட வாழ்நாளில் முகத்தில் குத்து வாங்கப் போவதில்லை. மாதம் 1,800 ரூபாய், முதல் தேதியே போனில் வந்துவிடும். மாலையில் கன்னங்குறிச்சிப் பக்கம் பதினான்கு பையன்கள், மூன்று பெண் பிள்ளைகள். மாதம் 300 ரூபாய் என்று சொல்லி வைத்திருக்கிறேன். பாதிப் பேர் கொடுப்பதில்லை, நானும் கேட்பதில்லை. காலை வகுப்பை நிறுத்தினால் மாலை வகுப்பு இரண்டு மாதம்கூடத் தாங்காது.

இதைக் கேவலமாக நினைக்கிற பயிற்சியாளர்கள் உண்டு. நானும் முதல் வருடம் அப்படித்தான் நினைத்தேன். 'இது குத்துச்சண்டையா, கைவீசம்மா கைவீசா?' என்று நண்பர்களிடம் கிண்டலடித்தேன். பிறகு ஓர் அக்கா வந்தார். முதல் நாள் நான் கையில் மாட்டிப் பிடித்திருந்த பேடை, அதாவது குத்து வாங்கும் மெத்தையை, ஒரு குத்துக் குத்திவிட்டு, "வலித்துவிட்டதா தம்பி?" என்று கேட்டார். மூன்றாவது மாதம் பக்கவாட்டில் வளைத்து அவர் போட்ட இடதுகை ஹூக்கில் என் முழங்கை நான்கு நாட்கள் வீங்கிக் கிடந்தது. அவரிடம் சொல்லவில்லை.

அந்த முழங்கைதான் இந்த வேலையின் மூலதனம். பேட் பிடிப்பது என்றால் கையை நீட்டிக்கொண்டு நிற்பது என்று பலர் நினைக்கிறார்கள். குத்து வந்து சேரும் நொடியில் பேடை இரண்டு விரற்கடை முன்னால் கொண்டுபோய் அதைச் சந்திக்க வேண்டும். பின்னுக்கு இழுத்தால் குத்துகிறவரின் முழங்கை காற்றில் வெட்டி இழுத்துக்கொள்ளும். அதிகமாக முன்னால் தள்ளினால் நம் தோள் போய்விடும். பேடை நம் முகத்துக்குப் பக்கத்திலேயே வைத்திருக்க வேண்டும். அகட்டிப் பிடித்தால் சத்தம் நன்றாக வரும், வீடியோவில் பார்க்கவும் அழகாக இருக்கும். ஆனால் அப்படிப் பழகிய பையன் ரிங்கில் ஏறினால் எதிராளியின் காதுக்கு வெளியே காற்றைத்தான் குத்துவான். ஒரு காலையில் நான் முப்பது ரவுண்டு பிடிக்கிறேன். ரவுண்டுக்கு எண்பது குத்து என்று வைத்துக்கொண்டாலும் 2,400 குத்து. வீட்டுக்குப் போனால் இட்லித் தட்டைத் தூக்கும்போது கை நடுங்கும். உங்கள் பள்ளி வேலையில் இது இல்லை, யோசித்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பிடித்த நேரம் பயிற்சி தொடங்குவதற்கு முன்னால் வரும் பத்து நிமிடம். கிளவுஸுக்கு உள்ளே கையில் பேண்டேஜ் கட்டுகிற நேரம். நாலரை மீட்டர் துணி. கட்டைவிரலில் மாட்டி, மணிக்கட்டில் மூன்று சுற்று, விரல் முட்டிகளின் மேல் மூன்று சுற்று, விரல் இடுக்குகளில் ஒவ்வொன்றாக நுழைத்துத் திரும்ப மணிக்கட்டுக்கு வர வேண்டும். புதிதாக வருகிற யாருக்கும் முதல் ஒரு மாதம் நானே கட்டிவிடுவேன். விரலை விரித்து வைக்கச் சொல்வேன், இல்லையென்றால் கையை மூடும்போது இரத்தம் கட்டும். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிற பையனின் விரல் நுனிகளில் பற்றவைக்கும்போது பட்ட சூட்டுத் தழும்புகள் இருக்கும். அம்மாப்பேட்டையில் தறி ஓட்டுகிறவனின் விரல்களில் நூல் அறுத்த கீறல்கள். நாள் முழுவதும் கணினியில் தட்டுகிறவரின் மணிக்கட்டு மட்டும் தனியாகத் தெரியும், அதற்கு நான் ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றுவேன். ஆள்காட்டி விரல், நடுவிரல் முட்டிகள்தான் முதலில் பட வேண்டும். சுண்டுவிரல் முட்டியில் பட்டால் அதன் பின்னால் இருக்கும் எலும்பு முறியும். ஆத்திரத்தில் சுவரைக் குத்திவிட்டு மருத்துவமனைக்குப் போகிறவர்களுக்கு முறிவதும் பெரும்பாலும் இதே எலும்புதான்.

வடசென்னை போல இங்கே குத்துச்சண்டைக்குப் பரம்பரை, வாத்தியார் என்று ஒரு வரலாறு கிடையாது. 1994இல் பாங்காக்கில் நடந்த உலகக் கோப்பையில் வெண்கலம் வாங்கிய தேவராஜன் தமிழ்நாட்டுக்காரர் என்று சொன்னால் என் பையன்கள் வாயைப் பிளக்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்தது மேரி கோம், விஜேந்தர், இப்போது நிகத் ஜரீன். பெற்றோருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீடு. சேர்க்க வந்த அன்றே அதைத்தான் கேட்பார்கள். 2028 ஒலிம்பிக்கில் குத்துச்சண்டை இருக்குமா என்பது 2025 மார்ச் வரை உறுதியாகாமல் இருந்தது. அந்த மாதங்களில் செய்தித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு வந்து, "மாஸ்டர், இதையே எடுத்துவிடுவார்களாமே?" என்று விசாரித்த அப்பாக்கள் மூன்று பேர். மாவட்டப் போட்டியில்கூட ஏறாத பிள்ளைக்கு ஒலிம்பிக் கவலை. அதற்காகச் சிரிக்கவும் முடியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்கு எல்லோரையும் அடிவாரத்துக்கு வரச் சொல்வேன். ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். நாங்கள் மூன்றாவது வரை ஓடிவிட்டு நடந்து இறங்குவோம். குரங்குகளுக்குப் பயந்து வாழைப்பழத்தைக் கீழேயே வைத்துவிட்டு ஓட வேண்டும்.

இனி, யாரிடமும் அதிகம் சொல்லாத ஒன்று.

ஐந்து வருடங்களுக்கு முன்னால் வெளிமாவட்டத்தில் ஒரு போட்டி. என் பையன், பதினேழு வயது, கொலுசுப் பட்டறைக்காரர் மகன். முந்தைய இரவு தன் எடைப் பிரிவைவிட 1.3 கிலோ அதிகமாக இருந்தான். மேல்பிரிவில் இறக்கியிருக்க வேண்டும். அங்கே வலுவான ஒருவன் இருப்பது தெரிந்ததால் எனக்கு மனம் வரவில்லை. மழைக்கோட்டைப் போட்டு ஸ்கிப்பிங் ஆடச் சொன்னேன், தண்ணீரைக் குறைக்கச் சொன்னேன். காலையில் எடை சரியாக வந்தது. இருவரும் கைகொடுத்துக்கொண்டோம்.

முதல் ரவுண்டு சமாளித்துவிட்டான். இரண்டாவது ரவுண்டில் கால் நகரவில்லை. நடுவர் நிறுத்தி எட்டு வரை எண்ணினார். அவன் நடுவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தான். எறிந்தால் சண்டை அத்தோடு முடிந்துவிடும், அந்த டவல் என் கையில்தான் இருந்தது. இன்னும் ஒரு நிமிடம் தாண்டினால் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். டவலை எறிவதற்கு இருபது விநாடி ஆனது. அதற்குள் அவன் வாங்கிய குத்துகள் ஐந்து. எண்ணி வைத்திருக்கிறேன்.

மருத்துவமனையில் டிரிப்ஸ் ஏற்றினார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்றும் இல்லை என்றார்கள். அவன் அப்பா இரவு பஸ் பிடித்து வந்து சேர்ந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்து நின்றேன். "மாஸ்டர், நாளைக்கு இவன் பட்டறைக்கு வரலாமா, ஓய்வு கொடுக்கலாமா?" என்று மட்டும் கேட்டார். தலையில் அடிபட்டுச் சண்டை நிறுத்தப்பட்டால் குறைந்தது ஒரு மாதமாவது ரிங்கில் ஏறக்கூடாது என்பது விதி. நான் அவனை மூன்று மாதம் கிளவுஸ் தொடவிடவில்லை. பிறகு அவனே வருவதைக் குறைத்துக்கொண்டான். இப்போதும் கடைவீதியில் பார்த்தால் வண்டியை நிறுத்திப் பேசுவான்.

அதற்குப் பிறகு என்னிடம் யாரும் தண்ணீரைக் குறைத்து எடை இறக்குவதில்லை. ஆறு மாதம் முடியாமல் ஸ்பாரிங், அதாவது எதிராளியோடு பயிற்சிச் சண்டை, கிடையாது. அப்போதும் 16 அவுன்ஸ் கிளவுஸ், ஹெட்கார்டு, பல்லுக்குக் கார்டு. தட்டுவடை செட் தின்று ஒரு கிலோ ஏறிவிட்டால் மேல்பிரிவில் நின்று தோற்றுவிட்டு வரட்டும்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். பள்ளி வேலையை இப்போதே விடாதீர்கள். மே மாத விடுமுறையில் பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தின் ஆறு வாரச் சான்றிதழ்ப் படிப்புக்கு முயலுங்கள். நான் படித்தது அதுதான். அரசுப் பயிற்சியாளர் பதவிதான் குறி என்றால் அது போதாது, அங்கேயே முழு டிப்ளமோ படிக்க வேண்டும். ஜிம்களில் பகுதிநேர வகுப்பு எடுக்க நேர்ந்தால் சம்பளத்தை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இந்த ஊரிலேயே ஒரு ஜிம் எனக்கு மூன்று மாதச் சம்பளம் பாக்கி வைத்துவிட்டுப் பெயர்ப் பலகையை மாற்றிக்கொண்டது. கிளவுஸ், பேட் எல்லாவற்றையும் மீரட்டிலிருந்தோ ஜலந்தரிலிருந்தோ மொத்தமாக வரவழையுங்கள், உள்ளூர்க் கடை விலை கட்டாது.

அதற்கும் முன்னால் ஒரு மாதம் யாராவது ஒருவரின் வகுப்பில் போய்ச் சும்மா பேட் பிடித்துப் பாருங்கள். என்னிடம் வந்தாலும் சரி. சம்பளம் கிடையாது, டீ உண்டு. முதல் வாரம் அந்த அக்காவுக்கு மட்டும் பிடிக்க வேண்டாம்.