இடப்பக்கம் பார்த்து நிற்பதை முதலில் நிறுத்துங்கள்

கேள்வி: ஒரு வருடமாக நந்தனத்தில் கோல்ஃப் ஆடுகிறேன். வலது கை ஆட்டக்காரன். 9 அயர்ன் என்ற குட்டை மட்டையில் அடித்தால் பந்து ஓரளவு நேராகப் போகிறது. தூரம் அடிக்கும் நீள மட்டையான டிரைவரை எடுத்தால் பந்து கொஞ்சம் இடதாகக் கிளம்பி, பாதி வழியில் வலப்பக்க மரங்களுக்குள் வளைந்துவிடுகிறது. இடப்பக்கம் தள்ளிக் குறி வைத்தும் சரியாகவில்லை. என்ன செய்வது?
- வேளச்சேரி வாசகர்

பதில்: பந்து எங்கே கிளம்பி எங்கே வளைகிறது என்று பார்த்து எழுதியிருக்கிறீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது கிளப்பின், அதாவது மட்டையின், பந்தில் படும் முகம், வளைவைத் தீர்மானிப்பது அந்த முகத்துக்கும் கிளப் வரும் பாதைக்கும் உள்ள வித்தியாசம். உங்கள் கிளப் வெளியிலிருந்து உடம்பை நோக்கிக் குறுக்கே வருகிறது, முகமோ அந்தப் பாதைக்கு வலப்பக்கம் திறந்து நிற்கிறது, அதனால் பந்தை அடிப்பதற்குப் பதில் சீவிவிடுகிறீர்கள். டேபிள் டென்னிஸில் மட்டையைக் குறுக்கே இழுத்தால் பந்து சுழலுமே, அதேதான். 9 அயர்னின் முகம் நன்றாகச் சாய்ந்திருப்பதால் பின்சுழற்சி அதிகம், பக்கச் சுழற்சி அமுங்கிவிடும். டிரைவரின் சாய்வு 10 டிகிரி சுமார்தான், தப்பு அப்படியே தெரியும்.

இடப்பக்கம் குறி வைக்க வைக்கத் தோளும் அந்தப் பக்கம் திரும்பும், பாதை இன்னும் குறுக்காகும், வளைவு கூடும். தயவுசெய்து இதை இன்றோடு விடுங்கள்.

முதலில் பிடி. கிளப்பை இடது உள்ளங்கைக்குள் வைக்காமல் விரல்களில் படுத்திப் பிடியுங்கள். மேலிருந்து பார்த்தால் இடது கையில் இரண்டு கணுக்களாவது தெரிய வேண்டும், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேரும் மடிப்பு வலது தோளைக் காட்ட வேண்டும். அப்புறம் நம்ம ஊர் வியர்வை. நாலாவது ஹோலுக்குள் கையுறை நனைந்துவிடும், வழுக்குமே என்ற பயத்தில் பிடி தானாக இறுகும், மணிக்கட்டு திரும்பாது, முகம் திறந்தே நிற்கும். பையில் இரண்டு கையுறையும் ஒரு துண்டும் வையுங்கள், மாற்றி மாற்றிப் போடுங்கள்.

பிடியை மாற்றியதும் பந்து வளையாமல் நேராக இடப்பக்கமே போக ஆரம்பிக்கும். பயந்து பழைய பிடிக்குத் திரும்பிவிடாதீர்கள், பலரும் கோட்டை விடுவது இங்கேதான். முகம் சரியாகிவிட்டது, பாதைதான் பாக்கி என்று அர்த்தம். பயிற்சி மைதானமான ரேஞ்சில் தரையில் ஒரு கிளப்பை இலக்குக் கோட்டுக்கு இணையாகப் போட்டு, பாதம், இடுப்பு, தோள் மூன்றையும் அதற்கு ஒப்ப வைத்து நில்லுங்கள். டிரைவருக்குப் பந்து இடது குதிகாலுக்கு நேரே இருந்தால் போதும், அதற்கும் முன்னால் வைத்தால் தோள் திறந்துகொள்ளும். பந்துக்கு உங்களிடமிருந்து எதிர்ப்புறம் நான்கைந்து அங்குலம் தள்ளி, இலக்குக்கு எதிர்த்திசையில் சற்றுப் பின்னால், ஒரு காலி பந்து டப்பாவை வைத்து அதில் படாமல் அடித்துப் பழகுங்கள். மேலிருந்து இறங்கும்போது தோளை முந்தவிடாமல், இடுப்பு திரும்பத் தொடங்கிக் கை கீழே வர ஒரு கணம் கொடுத்தால் டப்பா தப்பிக்கும். முதல் வாரம் 7 அயர்ன், அதுவும் அரை வீச்சு மட்டும். டப்பா அசையாமல் தொடர்ந்து பத்துப் பந்து போன பிறகு டிரைவரைக் கையில் எடுங்கள்.