நெட்வொர்க் திண்ணை: கேள்வி–பதில்

கேள்வி: எம்.சி.ஏ. புராஜெக்டாக நெட்வொர்க் அலாரம் மென்பொருள் எழுதுகிறேன். அலாரம் என்று ஒரு தாய் கிளாஸ் (ஆப்ஜெக்ட்டுகளை வார்க்கும் அச்சு), அதன் கீழ் கிரிட்டிக்கல் அலாரம், மேஜர் அலாரம், மைனர் அலாரம் என்று மூன்று சப்கிளாஸ். படமாக வரைந்தால் அழகாக இருக்கிறது. கோட் எழுத எழுதச் சிக்கலாகிறதே, ஏன்? – வாசகி, காரைக்குடி

பதில்: அந்த அழகுதான் வினை, ஆத்தா. ஒரு லிங்க்கில் பிழைகள் கூடுகின்றன, மைனர் என்று பதிகிறீர்கள். பத்து நிமிஷத்தில் நிலைமை முற்றி அதே கோளாறு கிரிட்டிக்கல் ஆகிறது. பிறந்துவிட்ட ஆப்ஜெக்ட் கிளாஸ் மாறுமா? பழையதை அழித்துப் புதிதாக ஒன்றை உண்டாக்கவேண்டும். எப்போது தொடங்கியது, யார் பார்த்தார்கள் என்ற விவரமெல்லாம் அதோடு போச்சு. தீவிரத்தை ஆப்ஜெக்ட்டுக்குள் ஒரு சாதாரண ஃபீல்டாக, மாற்றக்கூடிய மதிப்பாக, வைத்துவிடுங்கள். 1992இல் வந்த ஐ.டி.யு.வின் (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) எக்ஸ்.733 தரமும் அப்படித்தான் வைத்திருக்கிறது: கிரிட்டிக்கல், மேஜர், மைனர், வார்னிங், இன்டிடர்மினேட் (தீவிரம் தெரியவில்லை), கிளியர்டு (தீர்ந்தது) என ஆறு மதிப்புகள்.

அப்புறம், ஈவென்ட் வேறு, அலாரம் வேறு. ஈவென்ட் தபால் மாதிரி, வந்தது வந்ததுதான். அலாரம் ஆஸ்பத்திரி கேஸ் ஷீட். எந்தக் கருவி, என்ன வகை, என்ன காரணம், இந்த மூன்றும் ஒத்துப்போனால் புது ஷீட் போடாதீர்கள். பழையதிலேயே எண்ணிக்கையைக் கூட்டி, கடைசி நேரத்தை மாற்றுங்கள். ‘பார்த்துவிட்டேன்’ என்று ஆபரேட்டர் குறிப்பதற்குத் தனி ஃபீல்டு வேண்டும். அவர் பார்த்ததால் கோளாறு தீர்ந்துவிடாது.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். சென்னையில் வேலைக்குச் சேர்ந்த புதிது, இரவு ஷிப்ட். எங்கோ ஜே.சி.பி. ஃபைபரை அறுத்துவிட்டது. திரை முழுக்கச் சிவப்பு வரிகள், நிற்காமல் ஓடின. உண்மையான ஒரே வரி, ‘சிக்னல் இல்லை’ என்பது, நாலாம் பக்கத்தில் கிடந்தது. புதிது மேலே வரும்படி எழுதியிருந்த மென்பொருள் அது. எழுதியவர்களில் நானும் ஒருவன் என்பதை அன்று யாரிடமும் சொல்லவில்லை.

இனி இன்ஹெரிட்டன்ஸ், அதாவது சப்கிளாஸ் தாய் கிளாஸின் ஒரு வகையாக இருப்பது. எங்கள் வீட்டு வளவை (உள்முற்றத்தை) சுற்றி எட்டு அறைகள், ஒரு புள்ளிக்கு ஒன்று. (கல்யாணமான ஒரு ஜோடி ஒரு புள்ளி, எங்கள் கணக்கு அது.) அறை வீட்டுக்குள் இருக்கிறது, அதனால் அறை ஒரு வகை வீடு ஆகிவிடுமா? அதே மாதிரி போர்ட் (கேபிள் சொருகும் துளை) கார்டுக்குள், கார்டு பெட்டிக்குள். இதை இன்ஹெரிட்டன்ஸாக எழுதாதீர்கள். ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டும் தான் எதற்குள் இருக்கிறது என்பதை மட்டும் தெரிந்து வைத்திருக்கட்டும்.

பலன் உடனே தெரியும். மெயின் ஃபியூஸ் போனால் எட்டு அறையிலிருந்தும் ‘கரண்ட் இல்லை’ என்று குரல் வரும். போர்ட்டில் அலாரம் வந்ததும் கார்டைக் கேளுங்கள், கார்டு சரியென்றால் பெட்டியைக் கேளுங்கள். மேலே கோளாறு இருந்தால் போர்ட்டின் அலாரத்தை அதன் கீழே தொங்கவிடுங்கள். தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஃபியூஸ் போட்டபிறகும் ஓர் அறை இருட்டாகவே இருக்கலாம், அங்கே பல்பும் போயிருக்கும்.

கேள்வி: கல்லூரியில் முப்பது ஸ்விட்சுகளைக் கவனிக்கிறேன். சரியான பிறகும் சில அலாரங்கள் திரையில் சிவப்பாகவே நிற்கின்றனவே? – வாசகர், தேவகோட்டை

பதில்: எஸ்.என்.எம்.பி. என்பது நெட்வொர்க் கருவிகளைக் கண்காணிக்கும் முறை; அதில் கருவி தானே அனுப்பும் செய்தி ட்ராப். அது வழக்கமாக யு.டி.பி.யில் (போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காத அனுப்புமுறை), 162ஆம் போர்ட்டுக்கு (இது கேபிள் துளை அல்ல, மென்பொருளின் வாசல் எண்) வருகிறது. பெறுபவர் ஒப்புகை தருவதில்லை. ‘லிங்க் வந்துவிட்டது’ என்ற ட்ராப் வழியில் தொலைந்தால் உங்கள் திரைக்கு எப்படித் தெரியும்? சில நிமிஷத்துக்கு ஒருமுறை நீங்களே ஸ்விட்சைக் கேட்டுச் சரிபாருங்கள். ஸ்விட்சுகளில் வசதி இருந்தால் ட்ராப்புக்குப் பதில் இன்ஃபார்ம் வையுங்கள், அது பதில் வரும்வரை சிலமுறை திரும்ப அனுப்பும்.

கேள்வி: ஒரே போர்ட் நிமிஷத்துக்கு நாலு முறை போய்ப் போய் வருகிறது. என்ன செய்ய? – வாசகர், பள்ளத்தூர்

பதில்: மென்பொருளில், கிளியர் (சரியாகிவிட்டது என்ற செய்தி) வந்ததும் அலாரத்தை மூடாமல் இரண்டு நிமிஷம் பொறுத்து மூடச் சொல்லுங்கள். அதற்கு முன் கேபிளைக் கழற்றி மாட்டிப் பாருங்கள்.